வலியின் வரலாறு – 9: அரசிக்கு ஆறு ஆண்டில், ஏழைக்கு நூறு ஆண்டில்

சென்ற இதழில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் நின்றோம். நாள் 1846 அக்டோபர் 16. ஈதர் ஆவியை முகர்ந்த இளைஞனின் கழுத்துக் கட்டியை அறுத்தார்கள், அவன் அலறவில்லை. இரண்டே மாதத்தில் அந்தச் செய்தி கப்பலேறி லண்டன் வந்து சேர்ந்தது. டிசம்பர் 21 அன்று ராபர்ட் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியின் காலை அகற்றினார். கத்தி படும்போது மனிதனுக்கு வலித்தே தீர வேண்டுமா என்று அங்கே யாரும் பெரிதாக வாதாடவில்லை. வலி போயிற்றே என்று மகிழ்ந்தார்கள்.

அதே மருந்து பிரசவ அறைக்குள் நுழைந்தபோது கேள்விகள் கிளம்பின. இந்த வலியைப் போக்கலாமா? போக்கினால் பிள்ளை என்னாகும்? கர்ப்பப்பை வேலை செய்யாமல் நின்றுவிடுமா? கடவுள் விதித்ததை மனிதன் மாற்றலாமா? கேட்டவர்கள் அநேகமாக எல்லோருமே ஆண்கள்.

பேறுகால வலிக்கு மருந்து கண்டுபிடிக்க ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த மருந்து எல்லாத் தாய்மார்களின் கட்டிலுக்கும் வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட அந்த நூறாண்டைத்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம்.

ரொட்டிக் கடைக்காரர் மகன்

ஸ்காட்லாந்தில் பாத்கேட் என்ற சிற்றூர். அங்கே ஒரு ரொட்டிக் கடைக்காரரின் ஏழாவது மகனாக 1811-இல் பிறந்தவர் ஜேம்ஸ் யங் சிம்சன். 28 வயதிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேறுகால மருத்துவப் பேராசிரியர் ஆகிவிட்டார். மாணவராக இருந்தபோது, மயக்க மருந்து இல்லாமல் ஒரு பெண்ணின் மார்பை அறுப்பதைப் பார்த்தவர், மருத்துவமே வேண்டாம் என்று வேறு வேலை தேடப் போனார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1847 ஜனவரி 19 அன்று சிம்சன் முதன்முறையாக ஒரு பிரசவத்தில் ஈதர் கொடுத்தார். இடுப்பெலும்பு குறுகிப்போன பெண் அவள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய சந்தேகம் அன்று தீர்ந்தது. தாய் நினைவிழந்து கிடந்தபோதும் கர்ப்பப்பை தன் பாட்டுக்குச் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. வலியை உணர்வது வேறு, பிள்ளையை வெளியே தள்ளும் வேலை வேறு என்பதை அவர் கண்ணால் கண்டார். பேறுகால வலிநிவாரணம் முழுவதும் இந்த ஒரு கண்டறிதலின் மேல்தான் நிற்கிறது.

ஈதரில் தொல்லைகள் இருந்தன. நெடி மூக்கைத் துளைக்கும், தொண்டை எரிந்து இருமல் வரும், நிறையத் தேவைப்படும், மெழுகுவத்தியும் கணப்பும் எரிகிற அறையில் தீப்பிடிக்கும் பயம் வேறு. சிம்சன் வேறு திரவங்களைத் தேடினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, உதவி மருத்துவர்கள் ஜார்ஜ் கீத், மேத்யூஸ் டங்கன் இருவரையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு திரவமாகக் கிண்ணத்தில் ஊற்றித் தாங்களே முகர்ந்து பார்த்தார். 1847 நவம்பர் 4 இரவு, எடின்பரோ குயின் தெரு 52-ஆம் எண் வீட்டுச் சாப்பாட்டு அறையில், அந்த மூவரும் குளோரோஃபார்மை முகர்ந்தார்கள். கொஞ்ச நேரம் கலகலவென்று பேசினார்கள். அடுத்து மூவரும் தரையில் கிடந்தார்கள். கண் விழித்ததும், தேடியது கிடைத்துவிட்டது என்று சிம்சனுக்குத் தெரிந்துவிட்டது.

நான்கே நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, ஒரு மருத்துவரின் மனைவிக்கு இடுப்பு வலி கண்டது. அவளுக்கு இது இரண்டாவது பிரசவம். தலைச்சன் பிரசவத்தில் மூன்று நாள் வலியில் துடித்தவள் அவள். கடைசியில் பிள்ளையின் தலையை உடைத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. அந்த நினைவோடு படுத்திருந்தவளிடம் சிம்சன் வந்தார். வலி தொடங்கி மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அரைத் தேக்கரண்டி குளோரோஃபார்மை ஒரு கைக்குட்டையில் நனைத்தார். அதைப் புனல் போலச் சுருட்டி அவள் மூக்கருகே பிடித்தார். சுமார் 25 நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் அழுகைக்குக்கூடத் தாய் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண் விழித்தவள், நன்றாகத் தூங்கினேன், இனிமேல் வரப்போகும் வேலைக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது என்றாள். தூங்கியதால் வலி நின்றுபோயிருக்குமோ என்று கவலையும் பட்டாள். பக்கத்து அறையிலிருந்து தாதி பிள்ளையைத் தூக்கி வந்து கையில் கொடுத்தபோது, அது தன் பிள்ளைதான் என்று அவளை நம்பவைப்பது பெரும்பாடாகிவிட்டது.

வேதமும் வைத்தியமும்

ஏவாள் செய்த பாவத்துக்காகப் பெண் வேதனைப்பட்டுப் பிள்ளை பெற வேண்டும் என்கிறது ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம். மயக்க மருந்து கொடுப்பது கடவுள் கட்டளையை மீறுவது என்ற பேச்சு வரும் என்று சிம்சன் எதிர்பார்த்தார். அந்த டிசம்பரிலேயே ஒரு சிறு நூல் எழுதிப் பதில் சொன்னார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் அவனுக்கு அயர்ந்த நித்திரையை வரப்பண்ணியவர் அதே கடவுள்தானே என்று வேதத்தைக் கொண்டே வாதாடினார். முள்ளும் பூண்டும் முளைக்கும் என்பதும் அதே சாபத்தில் வருகிறது. அதற்காக உழவன் களையெடுக்காமல் இருக்கிறானா என்றும் கேட்டார்.

இந்த வேதச் சண்டையைத்தான் பல புத்தகங்கள் பெரிதாக எழுதுகின்றன. ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் அந்தக் காலத்து ஏடுகளைத் தேடிப் பார்த்தபோது, மதகுருமார்கள் எழுதிய எதிர்ப்பு மிகக் கொஞ்சமாகவே கிடைத்தது. உண்மையில் கடுமையாக எதிர்த்தவர்கள் மருத்துவர்கள். பிலடெல்பியாவின் புகழ்பெற்ற பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், பிரசவ வலி நோயல்ல, இயற்கையின் நல்ல செயல்பாடு, அதில் கை வைக்கக் கூடாது என்றார். மயக்கத்தில் பெண்கள் நாணம் இழந்து பேசுவார்கள் என்று லண்டனில் சிலர் அச்சப்பட்டார்கள்.

எதிர்ப்பில் நியாயமான பகுதியும் உண்டு. 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். அளவு தவறினால் இந்த மருந்து ஆளைக் கொல்லும் என்ற அச்சம் அதிலிருந்து எழுந்தது.

அந்த அளவைக் கணக்காகப் பிடித்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. பின்னாளில் காலராவுக்குக் காரணம் குடிநீர்க் குழாய் என்று காட்டினாரே, அவரேதான். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவி காற்றில் கலக்கும் என்று அளந்து, பிரசவத்துக்குத் தாயின் நினைவு போகத் தேவையில்லை, வலி மட்டும் மட்டுப்பட்டால் போதும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அரண்மனையில் 53 நிமிடம்

வசதியும் தொடர்பும் உள்ள குடும்பங்கள் காத்திருக்கவில்லை. 1849 ஜனவரியில் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் மனைவிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மறு ஆண்டு ஜனவரியில் சார்லஸ் டார்வின் வீட்டில் பிரசவம். மருத்துவர் வந்து சேரத் தாமதமானதால், கணவரே குளோரோஃபார்ம் நனைத்த துணியைப் பிடித்து மனைவி எம்மாவின் வலியைத் தணித்தார்.

பிறகு 1853 ஏப்ரல் 7. விக்டோரியா அரசிக்கு எட்டாவது பிள்ளை. ஏழு முறை மருந்தில்லாமல் பெற்றவர், இம்முறை ஸ்னோவை அரண்மனைக்கு வரவழைத்தார். அறையில் இருந்த கடிகாரத்தில் மணி 12.20-ஐத் தாண்டியபோது ஸ்னோ வேலையைத் தொடங்கினார். கருவி எதுவும் இல்லை; மடித்த கைக்குட்டை மட்டும். வலி எழும்பும் ஒவ்வொரு முறையும் சில துளிகள். வலி இறங்கியதும் கைக்குட்டையை எடுத்துவிடுவார். 53 நிமிடம் இப்படிப் போயிற்று. 1.13-க்கு இளவரசர் லியோபோல்ட் பிறந்தார். அரசி கடைசிவரை நினைவோடு இருந்தார். மிகுந்த ஆறுதல் கிடைத்தது என்று மனம்விட்டுச் சொன்னார். லான்செட் மருத்துவ இதழ் செய்தியை நம்ப மறுத்து, சாதாரணப் பிரசவத்துக்குப் போய் இந்த ஆபத்தா என்று கண்டித்து எழுதியது. அரசி அசரவில்லை. 1857-இல் கடைசிப் பிள்ளை பியாட்ரிஸ் பிறந்தபோதும் ஸ்னோவையே அழைத்தார்.

மருந்து கிடைத்து ஆறே ஆண்டில் அது அரண்மனைக்குள் போயிற்று. அரசி பெற்றதைத் தாங்களும் பெற வேண்டும் என்று செல்வர் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். கேட்டார்கள், கிடைத்தது. கேட்கும் இடத்தில் இல்லாதவர்கள்?

வலி போயிற்று, ஜன்னி போகவில்லை

அந்தக் கேள்விக்குள் போவதற்கு முன், பிரசவத்துக்கு அடுத்த நாட்களையும் பார்த்துவிட வேண்டும். பிள்ளை பிறந்த கையோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. பச்சை உடம்புக்காரியை மூன்றாம் நாள், நான்காம் நாள் வந்து தாக்கும் பிரசவ ஜன்னிக்கு ஐரோப்பா முழுவதும் நடுங்கியது. குளிர் நடுக்கம், அடிவயிற்றில் தொடமுடியாத வலி, பிதற்றல், மரணம். வலியில்லாமல் பெற்ற செல்வச் சீமாட்டியையும் அது விட்டுவைக்கவில்லை.

சிம்சன் குளோரோஃபார்மை முகர்ந்த அதே 1847-இல், வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் இந்த ஜன்னியின் வழியைக் கண்டுபிடித்தார். அங்கே பிரசவப் பிரிவுகள் இரண்டு. மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய முதல் பிரிவில் 1846-இல் நூற்றுக்கு 11 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. 1847 மே மாதம், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் இரண்டு சொச்சமாக இறங்கியது.

இதில் என்னை உலுக்குகிற செய்தி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் குளோரோஃபார்மைத் தயாரித்ததும் அதே பிளீச்சிங் பவுடரைச் சாராயத்தோடு சேர்த்துக் காய்ச்சித்தான். ஒரே ஆண்டில், ஒரே தூளிலிருந்து, தாய்மார்களுக்கு இரண்டு உதவிகள் கிடைத்தன. மருத்துவர்களுக்குப் புகழ் சேர்த்த மருந்து சில வாரங்களில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. உங்கள் கைதான் தாயைக் கொல்கிறது என்று மருத்துவர்களிடமே சொன்ன உண்மையை ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை பிள்ளைகள் தாயில்லாமல் வளர்ந்தன!

ஜன்னிக்கு மருந்து கிடைத்தது 1930-களில்தான். லண்டன் குயின் சார்லட் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக், பிரான்டோசில் என்ற சல்ஃபா மருந்தை ஜன்னி கண்ட 38 தாய்மார்களுக்குக் கொடுத்து, 1936-இல் முடிவை வெளியிட்டார். 35 பேர் பிழைத்தார்கள். இங்கிலாந்தில் பேறுகாலச் சாவு சரசரவென்று இறங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சென்னையில் ஒரு கதவு

விக்டோரியா அரசியின் பெயர் சென்னைப் பிரசவ வரலாற்றிலும் வருகிறது. பாரிஸ்டர் ஒருவரின் மனைவியாக சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், இங்கே பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேட்டு, மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். பிறகு முழு மருத்துவமே படிக்க விரும்பினார். அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்ட் பால்ஃபர் துணைநின்றதால், 1875-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி ஷார்லீபையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் அந்தக் கதவு பெண்களுக்குச் சரியாகத் திறக்காத காலம் அது.

லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பும் முன் அரசி அவரை அழைத்துப் பேசினார். ஆண் மருத்துவர் முன் வர முடியாத இந்தியப் பெண்கள் வைத்தியமே இல்லாமல் சாகிறார்கள் என்பதை ஷார்லீப் நேரில் எடுத்துச் சொன்னார். 1885-இல் சென்னையில் அத்தகைய பெண்களுக்காக அரசியின் பெயரிலேயே ஒரு மருத்துவமனை தொடங்கியது. மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைத்ததும், இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இயங்குவதும் அதுதான். மருந்து ஊரில் இருந்தால் போதாது, அதைக் கொடுக்கும் கை பெண்ணருகே வரக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சென்னை அப்போதே கண்டது.

மறக்கவைத்த ஊசி

இருபதாம் நூற்றாண்டில் புதிய முறை ஒன்று வந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கார்ல் காஸ், பெர்ன்ஹார்ட் க்ரோனிக் என்ற மருத்துவர்கள் மார்ஃபினையும் ஸ்கோபொலமினையும் சேர்த்து ஊசியாகப் போட்டார்கள். அந்தி உறக்கம் என்று அதற்குப் பெயர். 1914-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அதைப் புகழ்ந்து எழுதியதும், அமெரிக்கப் பெண்கள் சங்கம் அமைத்து, ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, எங்களுக்கும் இதைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பேறுகால வலி பற்றிப் பெண்களே பொதுமேடை ஏறியது அப்போதுதான்.

அந்த ஊசி வலியை முழுவதும் போக்கவில்லை, வலித்ததை மறக்கவைத்தது. பெண்கள் கத்தினார்கள், புரண்டார்கள். சில மருத்துவமனைகளில் கட்டிலோடு கட்டினார்கள். பிள்ளைகள் மூச்சுவிட முடியாத மயக்கத்தோடு பிறந்தன. பெண்கள் கேட்டது நியாயம். அவர்களுக்குக் கொடுத்த சரக்குதான் சரியில்லை. மருந்து தாயோடு நிற்பதில்லை, பிள்ளைக்கும் போகிறது என்ற உண்மையை மருத்துவம் கையில் எடுக்க இன்னும் நாளாயிற்று. 1952-இல் நியூயார்க்கின் மயக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கர், பிறந்த ஒரு நிமிடத்தில் பிள்ளையின் நிறம், இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை என்ற ஐந்துக்கும் மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். தாய்க்குக் கொடுக்கும் மருந்து பிள்ளையை என்ன செய்கிறது என்பதை அளக்க அதுவே கருவியாயிற்று.

மருத்துவச்சியின் பெட்டி

கேட்கும் இடத்தில் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று விட்டுப்போன கேள்விக்கு இப்போது வருவோம். பிரிட்டனில் ஏழைத் தாய்மார்கள் பெரும்பாலும் வீட்டில்தான் பெற்றார்கள். கூட இருந்தவர் மருத்துவச்சி. மயக்க மருந்து கொடுக்கும் உரிமை மருத்துவருக்கு, மருத்துவருக்குக் கட்டணம். ஆக, அரசி பெற்ற ஆறுதல் சுரங்கத் தொழிலாளி மனைவிக்கு அடுத்த தலைமுறையிலும் எட்டவில்லை, அதற்கடுத்த தலைமுறையிலும் எட்டவில்லை.

இதை ஊரறியப் பேசியவர்களில் முதன்மையானவர் லூசி பால்ட்வின். பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினின் மனைவி. தலைச்சன் பிள்ளை இறந்தே பிறந்த துயரத்தை அனுபவித்தவர். 1928-இல் உருவான தேசியப் பிறந்தநாள் அறக்கட்டளை மூலம், பணக்காரப் பெண்ணுக்குக் கிடைக்கும் வலிநிவாரணம் ஏழைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்று பணம் திரட்டினார்.

1933-இல் லிவர்பூல் மருத்துவர் ராபர்ட் மின்னிட் அதற்கேற்ற கருவி ஒன்றைச் செய்தார். நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைக் காற்றோடு கலந்து தரும் பெட்டி. அதில் என்னைக் கவர்ந்தது அதன் அமைப்பு. முகமூடியைப் பிடிப்பவள் பிள்ளை பெறும் பெண்தான். வலி எழும்பும்போது அவளே முகத்தில் வைத்து, அதிலுள்ள துளையை விரலால் மூடி இழுப்பாள். மயக்கம் மிஞ்சினால் கை தானாகத் தளரும், முகமூடி விலகும், வெறும் காற்று உள்ளே போகும். தெளிந்ததும் மறுபடி எடுத்துக்கொள்வாள். எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை வலிப்பவள் கைக்கே வந்தது.

1936-இல், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் இதைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கிடைத்தது. கூடவே நிபந்தனைகள் வந்தன. மருத்துவர் முன்கூட்டியே சான்று தர வேண்டும். இன்னொரு தகுதி பெற்றவரும் கூட இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சைக்கிள் மிதித்து வரும் மருத்துவச்சி கனமான பெட்டியை எப்படித் தூக்கி வருவாள்? இரண்டாவது ஆளுக்கு எங்கே போவாள்? 1946 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் 13,000-க்கும் மேற்பட்டோரிடம் ஜேம்ஸ் டக்ளஸ் தலைமையில் ஆய்வு நடந்தது. வீட்டில் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வலிநிவாரணமும் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. குடும்பத்தின் வசதி குறையக் குறைய, கிடைப்பதும் குறைந்தது. குளோரோஃபார்ம் வந்து 99 ஆண்டு கழித்து இந்த நிலை.

1949-இல் பீட்டர் தோர்னிகிராஃப்ட் என்ற உறுப்பினர், வீட்டில் பெறும் தாய்மார்களுக்கும் வலிநிவாரணம் தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அரசு எதிர்த்தது, மசோதா தோற்றது. ஆனாலும் விவாதம் வீண்போகவில்லை. புதிய தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி பரவியது. 1950-இல் பெத்திடின் என்ற வலிநிவாரண ஊசி போடும் அனுமதியும் அவர்களுக்கு வந்தது. மின்னிட் கலவையில் பிராணவாயு குறைவு என்ற குறையை, 1961-இல் மைக்கேல் டன்ஸ்டால் நைட்ரஸ் ஆக்ஸைடையும் பிராணவாயுவையும் சரிபாதியாக ஒரே உருளையில் அடைத்துத் தீர்த்தார். என்டொனாக்ஸ் என்ற பெயரில் இன்றும் பல நாட்டுப் பிரசவ அறைகளில் இருப்பது அதுதான்.

மருந்தே வேண்டாம் என்ற குரலும் இதே காலத்தில் எழுந்தது. அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, விளக்கிச் சொல்லித் துணைக்கு ஒருவர் இருந்தால் வலி குறையும் என்று ஆங்கில மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1933-இல் எழுதினார். பலருக்கு அது உதவியது. மருந்து இல்லாமல் பெற விரும்பும் பெண்ணின் விருப்பம் மதிக்கத்தக்கது. ஆனால் தன் விருப்பத்தால் வேண்டாம் என்பது ஒன்று. கேட்டும் கிடைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதைத் தாய்மையின் பெருமை என்று புகழ்ந்து மூடிவிடக் கூடாது.

இந்த நூறாண்டில் தாமதத்துக்குக் காரணமாக இருந்தது வேதியியல் அல்ல. கட்டணம், விதிமுறை, பெட்டியின் கனம், இந்த வலி இயல்பானதுதானே என்ற எண்ணம் ஆகியவைதான். அவை ஒவ்வொன்றையும் தள்ளியவர்கள், வலியில் கிடப்பவள் சொல்வதை நம்பியவர்கள். நம் ஊர்ப் பிரசவ அறைகளிலும் இன்று தொடங்க வேண்டிய இடம் அதுவே: வலிக்கிறது என்று அவள் சொன்னால் நம்ப வேண்டும், என்னென்ன வழிகள் உண்டு, எதில் என்ன ஆபத்து என்று வலி வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும், தேர்வை அவளிடம் விட வேண்டும், பிள்ளை பிறந்த பிறகும் அவள் காய்ச்சலையும் தையல் வலியையும் உதிரப்போக்கையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

அடுத்த இதழில்: 1921-இல் ஸ்பெயின் நாட்டு ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹேஸ் முதுகெலும்புக்குள் மருந்து செலுத்தும் புதிய வழி ஒன்றை எழுதி வைத்தார். அது பிரசவ அறைக்கு வந்து எபிடூரல் ஆன கதை.